அடக்கப் பதிவேடு

திருமங்கலம் தாண்டி
வாய்க்கால் வற்றி முடியும் இடத்தில் எங்கள் கோயில்.
மணியடிப்பது, குழிக்கு ஆள் சொல்வது,
பதிவேட்டில் பெயர் எழுதுவது என் வேலை.
ஞானாபரணம் ஐயர் மாற்றலாகி வந்த வருஷம்
கடைமடையில் ஒரு சொட்டு இல்லை.
ஞானஸ்நானத் தண்ணீருக்கு
நான் சைக்கிளில் குடம் கட்டிப் போனேன்.

மூன்று மாதம் மழைக்காக ஜெபித்தார்.
நாலாம் மாதம் அங்கியோடு போய்
மதகடியில் உட்கார்ந்துவிட்டார்.
தாசில்தார் வந்தார், இன்ஜினியர் வந்தார்,
கருப்பு கோயில் கோடாங்கி வந்து
துண்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.
ஒன்பதாம் நாள் ஷட்டரைத் தூக்கினார்கள்.
தண்ணீர் வந்த இரைச்சலில்
ஐயருக்குள்ளும் என்னவோ திறந்துகொண்டது.
அதை இறக்க ஷட்டர் இல்லை.

தேர்தலில் நிற்கிறேன் என்று அவர் முதலில் சொன்னது
முத்தழகு சைக்கிள் கடையில்,
பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது.
பேராயரின் கடிதம் இரண்டே வரி.
கடைசி ஞாயிறு, கல்யாண ஓலை வாசித்து,
ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றவர்
வழக்கத்தைவிட அதிக நேரம்
சபையைப் பார்த்தபடி நின்றார்.
ஒருவர் இருமக்கூட இல்லை.
கழுத்துப் பட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார்.
உள்பக்கம் வியர்வைப் பழுப்பு.

சின்னம் ஏணி.
சுவரில் வரைந்தவனுக்கு
நாலாம் படியில் நீலம் தீர்ந்துவிட்டது.
மேடையில் பேசி முடித்ததும்
பழக்கத்தில் கையை உயர்த்திவிடுவார்;
கூட்டம் தலை குனியும்,
பிறகு யார் யார் குனிந்தது என்று
ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும்.

மதுரையில் விடிய விடிய எண்ணினார்கள்.
நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.

மாலை வாடுவதற்குள், எங்கள் பூத்தில்
ஏஜெண்ட் டிக் அடித்த பட்டியலை
புரட்டிக்கொண்டிருந்தவரின் விரல் நின்றது.
‘பொன்னுத்தாய் சாலமோனை
நாம எப்ப அடக்கம் பண்ணினோம்?’
பதிவேட்டை எடுத்து வந்தேன்.
சேர்த்து வைத்துப் படித்தோம், அவர் ஒன்று, நான் ஒன்று.
பதினேழு பேர்.
நாற்பத்தொன்றுக்கு இது போதாதுதான்;
ஆனால் மற்ற பூத்துகளுக்கும்
கல்லறை உண்டு, சுடுகாடு உண்டு.

முத்தழகு மறைக்கவில்லை.
‘இருந்திருந்தா
ஒங்களுக்குத்தான ஐயரே போட்டிருப்பாங்க?’

அவர் பதில் சொல்லவில்லை.
பதவியேற்க மெட்ராஸுக்கு
ராத்திரி ரயில் இருந்தது. போனார்.

ஐந்து வருஷத்தில்
வாய்க்காலுக்கு சிமெண்ட் கரை, ஒரு பாலம்,
பேரையூர் பஸ் ஊருக்குள் வந்து திரும்பியது.
நல்லதுதான். யாரும் குறை சொல்லவில்லை.
நவம்பர் தோறும் கல்லறைத் திருநாள் முடிந்து
எல்லோரும் போன பிறகு
விளக்கில்லாத ஜீப்பில் வருவார்.
மெழுகுவர்த்திகள் சரியாகப் பதினேழு.
‘தொகுதி மக்களைப் பாக்க வந்தேன்’ என்பார்.
சிரிப்பதா என்று தெரியாமல்
நான் தீக்குச்சி உரசுவேன்.

அடுத்த தேர்தலுக்கு முந்தின ராத்திரி
என் பதிவேட்டைக் கேட்டு வாங்கி,
பட்டியலில் செத்தவர்களை எல்லாம்
சிவப்புப் பென்சிலால் அவரே அடித்தார்.
காலையில் முத்தழகிடம்
அந்தப் பட்டியலைத்தான் கொடுத்தார்.
உயிரோடு இருந்தவர்களுக்கு வேறு யோசனை இருந்தது.
டெபாசிட் போயிற்று.

பட்டையைத் திருப்பிக் கேட்பார் என்று
துவைத்து, கஞ்சி போட்டு வைத்திருந்தேன்.
கேட்கவே இல்லை.
கடைசி பெஞ்சில் செருப்பு விடும் வாசலோரம்
உட்கார்ந்து ஆராதனை கேட்டார், பதினோரு வருஷம்.

போன ஆடியில் அவர் பெயரை எழுதினேன்.
எனக்கு எழுத்து நடுங்குகிறது இப்போது;
‘ஞா’வில் மை பரவிவிட்டது.

நேற்று புதிய வாக்காளர் பட்டியல் வந்தது.
அதே கதவு எண். வயது எண்பத்திரண்டு.
ஒரு வயது கூட்டியிருக்கிறார்கள்.
சிவப்புப் பென்சில் மேஜையில் கிடக்கிறது.
இன்னும் அடிக்கவில்லை.
ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.